முழங்காலை லேசாக மடக்கி

பெண்டாங்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி லியோனார்டுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரி எவலினுக்கும் ஆண்டவரின் சமாதானம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்கு எழுதுகிறேன். பதிலை எதிர்பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்தக் கடிதம் அப்படியல்ல. இதற்குப் பதில் வேண்டும்.

நவம்பரில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தேன். உயிர் தப்பியது, கால்கள் தப்பவில்லை. எலும்பிலும் நரம்பிலும் ஒன்றுமில்லை, படுத்தே கிடந்ததில் தொடைச் சதை கரைந்துவிட்டது என்கிறார் டாக்டர். அறுபத்தாறு வயதில் கரைந்தது தானாகத் திரும்பி வராதாம். பிடித்து நிறுத்திவிட்டால் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்கிறேன். உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. போன வாரம் சிற்றாலயத்தில் முழங்காலிட்டேன். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள், நான் அங்கேயே இருந்தேன். பக்தி என்று நினைத்துவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் சிஸ்டர் ரோசலின் திரும்பி வந்து பார்த்தாள்.

மடத்தில் நாங்கள் ஏழு பேர். என்னைத் தூக்கிவிடும் அளவுக்கு யாருக்கும் தெம்பில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பினாங்கில் முதிய சகோதரிகளுக்கான இல்லத்துக்கு அனுப்பலாமா என்று மதர் வெரோனிக்கா மெதுவாகக் கேட்டார். நல்ல இடம்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சுவருக்குள் இருக்கிறேன். இங்கேயே அடங்கத்தான் வந்தேன்.

எவலின் கேக் கொண்டுவந்தபோது உன்னைப் பற்றிச் சொன்னாள். (இங்கே வருவதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே.) கையுறை ஆலை வேலையை விட்டுவிட்டு பீடோங்கில் உடற்பயிற்சி அறை வைத்திருக்கிறாயாம். அதிரும் பலகை ஒன்று இருக்கிறதாம். பஸ் படி ஏற முடியாமல் வந்த பெண்கள் அதில் நின்று நின்று, இப்போது தாமாகவே ஏறுகிறார்களாம்.

அது எனக்கும் உதவுமா, தம்பி?

அகத்தா அக்கா


பீடோங்
21 ஜனவரி 2025

சிஸ்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் கேள்விக்குப் பதில்.

உதவலாம். ஆனால் வருகிறவர்களையெல்லாம் நான் அதில் ஏற்றுவதில்லை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்களா? காலில் ரத்தம் கட்டியதுண்டா? நாள்கணக்கில் படுத்திருந்தவர்களுக்கு அது வரும். கண் ஆப்பரேஷன், சிறுநீரகக் கல் ஏதாவது உண்டா? டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் நான் ஒன்றும் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. அம்மாவுக்கும் கடைசி வருஷம் எழ முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் நான்தான் தூக்கினேன். தூக்கும்போதெல்லாம், "அகத்தா வந்துட்டாளாடா?" என்று கேட்பார். பெண்டாங்கிலிருந்து பீடோங்குக்கு கெரேத்தாவில் ஓட்டி வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் அடக்கத்துக்கும் வரவில்லை. எட்டு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

லியோனார்ட்


பெண்டாங்
3 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி,

டாக்டரிடம் கேட்டேன். நீ சொன்ன எதுவும் எனக்கு இல்லை. காலையும் ஸ்கேன் செய்து பார்த்தார், ரத்தக் கட்டு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால், குறைந்த வேகத்தில் செய்து பார்க்கலாம் என்றார். அவர் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். குடும்பத்துச் சாவுக்குக்கூட மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அன்றைய விதி. அதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வந்தேன். அடக்கத்தன்று பத்து மணிக்குக் கோயிலில் பூசை தொடங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் சமையலறையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். எல்லாரும் அதை அப்படியே சாப்பிட்டார்கள். உன்னிடம் சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. உன் கோபம் குறைய வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். அப்பா தோட்டத்து டிராக்டரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கித்தானே முதுகு போய் ஐம்பது வயதுக்குள் படுத்தார்? அவரைக் கெடுத்த அதே குலுக்கல் எனக்கு எப்படி பலம் தரும்? மதர் இதைத்தான் கேட்கிறார். நீதான் சொல்ல வேண்டும்.

அகத்தா அக்கா


பீடோங்
14 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

பூசணிக்காய் விஷயத்தை எவலினிடம் வாய்விட்டுப் படித்தேன். முழுதும் படிக்க முடியவில்லை. மீதியை அவள் வாங்கிப் படித்தாள். இனி அதைப் பற்றி எழுத வேண்டாம். என்னால் இப்போது முடியாது.

மதர் கேட்டது நல்ல கேள்வி. நானும் அதையேதான் நளினியிடம் கேட்டேன். நளினி பிசியோதெரபி படித்தவள், என் அறைக்கு வந்து ஆட்களைப் பார்க்கிறாள். எனக்கு மெஷினைப் பற்றித்தான் தெரியும், உடம்பைப் பற்றி அவளுக்குத்தான் தெரியும். அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

அப்பா உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பாதையின் பள்ளம் மேடெல்லாம் நேரே அவர் முதுகெலும்பில்தான் இறங்கியது. அதுவும் காலையிலிருந்து மாலைவரை, வருஷக்கணக்கில். பலகையில் நாம் நிற்கிறோம், முழங்காலை லேசாக மடக்கி. அதிர்வை முழங்காலும் தொடையும் வாங்கிக்கொள்ளும், தலைக்குப் போக விடாது. அதுவும் கொஞ்ச நேரம்தான். அப்புறம் இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும்.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறும், இல்லையா? தசை சட்டென்று இழுபட்டால் நம்மைக் கேட்காமலே சுருங்கிக்கொள்ளும். பலகை இறங்கும்போதெல்லாம் தொடை கொஞ்சம் இழுபடும், உடனே சுருங்கும். ஒரு வினாடிக்குள் அது இருபது தடவைக்கு மேல் நடக்கும். சும்மா நிற்கிறோம் என்றுதான் தோன்றும், ஆனால் உள்ளே தொடை வேலை செய்துகொண்டிருக்கும். உட்கார்ந்து எழும் பயிற்சியைச் செய்யக்கூடத் தெம்பில்லாதவர்களுக்கு அதனால்தான் இது உதவுகிறது. இது மந்திரமில்லை. மாதங்கள் ஆகும். தெம்பு வந்த பிறகு பலகையை விட்டுவிட்டு சாதாரணப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

மூடிப்போன ஜிம் ஒன்றிலிருந்து வாங்கிய பழைய மெஷின் ஒன்று என்னிடம் இருக்கிறது. மோட்டாரை மாற்றிவிட்டேன். லாரிக்காரர் காளிதாசனிடம் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை மெஷின் வரும். நளினியும் கூட வருவாள். பெண்பிள்ளைதானே, உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். அவள் இல்லாமல் முதல் தடவை ஏற வேண்டாம்.

லியோனார்ட்


பெண்டாங்
9 மார்ச் 2025

அன்புத் தம்பி,

உன் மெஷின் துணி துவைக்கும் அறையில் இருக்கிறது. வேறு இடத்தில் வைத்தால் சிற்றாலயம்வரை சத்தம் கேட்கிறது.

முதல் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். நளினி பொத்தானை அழுத்தியதும் உடம்பெல்லாம் தேனீக்கூட்டம் புகுந்ததுபோல் இருந்தது. பயத்தில் முழங்காலை நிமிர்த்திவிட்டேன். பற்கள் கிடுகிடுத்தன, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. நளினி பதற்றப்படவில்லை. "முட்டிய மடக்குங்க சிஸ்டர், நாற்காலியில உட்காரப் போற மாதிரி," என்றாள். மடக்கினேன். தலை ஆடுவது நின்றது. தொடை மட்டும் சூடாகி அரிக்கத் தொடங்கியது. ரத்தம் ஓடுவதால் அப்படித்தான் இருக்குமாம். இறங்கியபோது சிரித்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று தெரியவில்லை. மௌன நேரத்தில் சிரித்ததற்காக மதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறுகிறேன். ஏறி, இறங்கி, ஓய்வெடுத்து, மறுபடியும் ஏறுகிறேன். சிஸ்டர் ரோசலின் பின்னால் நாற்காலியோடு நிற்பாள். படுக்கையில் புரள முன்பு தலையணையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, இப்போது வேண்டியதில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழுவது இன்னும் முடியவில்லை.

தவக்காலம் தொடங்கிவிட்டது. நாங்கள் இறைச்சி சாப்பிடுவதே இல்லை, தவக்காலத்தில் முட்டையையும் விட்டுவிடுவோம். ஒரு வேளை மட்டும் வயிறார உண்கிறோம். உனக்காகவும் ஜெபிக்கிறேன்.

அகத்தா அக்கா


பீடோங்
16 மார்ச் 2025

அக்கா,

முட்டையை விடுவதா? நல்ல கதையாக இருக்கிறது. உன் கடிதத்தை நளினியிடம் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சதை வளர்வது பலகையின் மேல் நிற்கும்போது இல்லை, இறங்கிய பிறகுதான். சாப்பாடும் ஓய்வும் கிடைத்தால்தான் அது கட்டும். இல்லாவிட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். செங்கல் இல்லாமல் மேஸ்திரியை மட்டும் வரவழைத்து என்ன பயன்? மதரிடம் நானே தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன். நோயாளிகளுக்கு உபவாசம் கட்டாயம் இல்லை என்று நம் பங்குச் சாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன். நளினி முட்டையும் சோயா தௌஹுவும் கொண்டு வருவாள். தினமும் சாப்பிடு. சாப்பிடவில்லை என்று தெரிந்தால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்.

எவலின் கேட்கிறாள், இப்போது அவள் இரகசியமாக வர வேண்டியதில்லையே என்று. முன்பும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கேக் செய்தால் வீடெல்லாம் மணக்காதா? அதுவும் முழுக் கேக்கில் பாதி மட்டும் வீட்டில் இருந்தால்?

லியோனார்ட்


பெண்டாங்
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

போன கடிதத்தில் 'நீ' என்று எழுதியிருந்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூப்பிட்டதுபோல. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குள் இப்படி ஒரு செய்தியை எழுத வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் நெருங்க நெருங்க எனக்குப் பொறுமை போய்விட்டது. ஓய்வு நாள்களிலும் ஏறினேன். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் படுத்திருக்கும் நேரத்தில், துணைக்கு ஆளில்லாமல், நளினி வைத்த வேகத்தைக் கூட்டிக்கொண்டு. புதன்கிழமை இறங்கும்போது தலை சுற்றிச் சுவரில் சாய்ந்து விழுந்தேன். தோளில் காயம், இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முறிவில்லை.

மதர் பிளக்கைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். கோபப்படவில்லை. கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, "எனக்கு உங்களை இழக்கவும் மனசில்ல, புதைக்கவும் மனசில்ல," என்றார். பினாங்கில் இடம் கேட்டு எழுதிவிட்டார். மாதக் கடைசியில் போவேன்.

உன் மெஷினை எடுத்துக்கொள். பீடோங்கில் வேறு யாருக்காவது பயன்படட்டும். இது உன் தவறும் இல்லை, மெஷினின் தவறும் இல்லை. எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் தாங்க முடியாத வருத்தமில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தேனே, அது போதும்.

அகத்தா அக்கா


பெண்டாங்
28 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

நீ பதில் எழுதவில்லை. வந்துவிட்டாய்.

சனிக்கிழமை, லாரி வந்திருக்கிறது என்று ரோசலின் சொன்னதும் காளிதாசன் மெஷினை எடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பார்வையாளர் அறைக்கு வரச் சொன்னார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு ஒரு மனிதர் நிற்கிறார். அப்பாவைப்போல இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. என் தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன், நீ நின்றுகொண்டே இருந்தாய். முக்கால் மணி நேரம் மோட்டாரைப் பற்றியும் பெல்ட்டைப் பற்றியும் பேசினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசிக்கொண்டே இரு என்றுதான் இருந்தது.

நீ போன பிறகு மதர் எல்லாவற்றையும் சொன்னார். மெஷினை ஏற்ற வந்தவன், ஏற்றாமல் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாயாம். "இவங்கள யாரு தூக்குறது தம்பி? எங்கள்ல இளையவளுக்கே அறுபது," என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கு நீ, "தூக்க வேணாம் மதர். தூக்குனா என்ன ஆகும்னு எங்கம்மாகிட்ட பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் நாம தூக்கத் தூக்க அவங்க கால் இன்னும் கொஞ்சம் செத்துப்போகுது. டைம் மட்டும் குடுங்க," என்றாயாம்.

அம்மாவைத் தூக்கியவனே அப்படிச் சொல்லும்போது அவரால் மறுக்க முடியவில்லை. ஆகஸ்ட்வரை பார்க்கலாம் என்று பினாங்குக்கு எழுதிவிட்டார். நளினி இருக்கும்போது மட்டும்தான் பிளக் வெளியே வரும். நான் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. துணி துவைக்கும் அறையில்தான் அது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அகத்தா அக்கா


பீடோங்
10 மே 2025

அக்கா,

நான் எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முழங்கால் வீக்கம் முழுதும் வடியும்வரை பலகை வேண்டாம். வடிந்ததும் ஆரம்பத்தில் வைத்த அதே வேகத்தில் தொடங்கு. பலகையில் நிற்கும்போதே நாற்காலியில் உட்காரப் போவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து எழ நளினி சொல்லிக் கொடுப்பாள். கைப்பிடியை விடாதே. உயரமான நாற்காலியில் தொடங்கி, தெம்பு வர வர உயரம் குறைந்த நாற்காலிக்கு மாறலாம். முதலில் உட்கார்வதைப் பழகு. பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காரத் தெரிந்தால் எழவும் வரும் என்கிறாள் அவள்.

இங்கே என் அறைக்கு வரும் சீன அம்மா ஒருவர் உன் காலைப் பற்றி வாரா வாரம் கேட்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். நான்தானாம். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேனாம்.

லியோனார்ட்


பெண்டாங்
20 ஜூன் 2025

அன்புத் தம்பி,

இன்று எழுந்து நின்றேன்.

சாப்பாட்டு அறையில் எல்லாரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரோசலின் உப்பு ஜாடியை எடுக்க மறந்துவிட்டாள். அது அந்தப் பக்கத்து மேசையில் இருந்தது. எடுக்கலாமே என்று தோன்றியது. பாதத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டேன், உடம்பை முன்னால் சாய்த்தேன், எழுந்துவிட்டேன். மேசையில் ஒரு கை ஊன்றியிருந்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாரும் தூக்கவில்லை. தொடை நடுங்கியது, ஆனால் மடியவில்லை. உப்பை எடுத்துக்கொண்டு திரும்பியபோது ஆறு பேரும் கரண்டியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது. மதர் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல மேசையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

சாயந்தரம் மதர் என்னை அழைத்து, பினாங்குக்கு அந்த இடம் வேண்டாம் என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு செய்தி. ஆகஸ்டில் சுங்கை பட்டாணியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இப்போது விதிகள் முன்புபோல் இல்லை. அன்று முழுநாளும் வெளியில் இருக்கலாம், ரோசலின் துணைக்கு வரட்டும், தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று மதரே சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அம்மா இருக்கும் இடத்துக்கு என்னை அழைத்துப் போவாயா? உனக்கு மனமிருந்தால் மட்டும்.

அகத்தா அக்கா


பீடோங்
18 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீ வந்துபோய் இரண்டு நாளாகிறது. சனிக்கிழமை நேரில் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வண்டி ஓட்டும்போது எனக்குப் பேச வராது என்று எவலின் சொல்வாள். ஓட்டாதபோதும் வராது.

கல்லறையில் நீ முழங்காலிட்டாய். புல் ஈரம், தரை சரிவு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உனக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். நீ வெகுநேரம் எழவில்லை. கால் மறுபடி போய்விட்டது என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் நீ அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாய். கடைசியில் ஒரு காலை முன்னால் வைத்து, தொடையில் கையூன்றி, நீயாகவே எழுந்தாய். திரும்பிப் பார்த்து, "என்னடா, கைய நீட்டிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டாய். கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். அம்மாவின் பெயருக்கு மேல் படிந்திருந்த மண்ணை உன் அங்கி நுனியாலேயே துடைத்தாய். அப்போதுதான் நான் அழுதேன். நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் இதை எழுதுவது அதற்காக இல்லை. பீடோங் பாசாரில் நீ செய்த காரியத்துக்காக.

தண்ணீர் வாங்கத்தான் வண்டியை நிறுத்தினேன். ரோசலின் சிஸ்டருக்கும் உனக்கும் இளநீர் வாங்கிக்கொண்டு திரும்பினால், வண்டிக் கதவு திறந்து கிடக்கிறது, உன்னைக் காணோம். உன் ஊன்றுகோல் சீட்டிலேயே கிடக்கிறது. ரோசலின் சிஸ்டர், "இப்பதான் இங்க இருந்தாங்க லா," என்று சொல்லிக்கொண்டு மீன் கடைப் பக்கம் ஓடினார். நான் துணிக்கடைப் பக்கம் ஓடினேன். சனிக்கிழமைக் கூட்டம். மோட்டார் சைக்கிள்கள் மேலே இடிப்பதுபோலப் போகின்றன. தரையெல்லாம் மீன் தண்ணீர் வழுக்குகிறது. எங்காவது விழுந்து கிடப்பாய் என்று ஒவ்வொரு கடை இடுக்கிலும் குனிந்து பார்த்தேன். இளநீர் சட்டையெல்லாம் கொட்டிவிட்டது.

கடைசியில் காய்கறி வரிசை முடியும் இடத்தில் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நின்றுகொண்டு, மலாய்க்கார அம்மாவிடம் பெத்தாய் அவரைக்காய்க் கட்டுக்கு விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாசாருக்கே வராதவள், அதுவும் கையில் காசில்லாமல். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, குடு," என்று கையை நீட்டினாய்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். காணாமல் போகிற அளவுக்கு அக்காவுக்குக் கால் வந்துவிட்டது என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தோன்றியது. அதனால்தான் அந்த அம்மா கேட்ட விலையை அப்படியே கொடுத்தேன். நீ கோபித்துக்கொண்டாய்.

நான் எழுத வந்தது இதுதான். பெத்தாய்க் கட்டு வண்டியின் பின்சீட்டுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. உங்களை மடத்தில் இறக்கிவிட்டபோது யாருக்கும் நினைவில்லை. இப்போது வண்டிக்குள் ஏறவே முடியவில்லை, அவ்வளவு வாடை. எவலின் பஸ்ஸில் போகிறாள். புதிதாக ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். ரோசலின் சிஸ்டரிடம் மிளகாய்ச் சம்பல் அரைத்து வைக்கச் சொல்.

உன் தம்பி
லியோனார்ட்